நாளுக்கு ஒன்பது காலடி

வீடு நகர்ந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நிறுத்தி, அஸ்திவாரம் என்ன ஆச்சு, செப்டிக் டேங்க் என்ன ஆச்சு என்று யாரும் கேட்க வேண்டாம். அஸ்திவாரமும் வந்தது, செப்டிக் டேங்கும் வந்தது, மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலும் வந்தது. நான் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிற பயணியை எனக்குப் பிடிக்காது.

என் பெயர் சங்கிலி. மனைவி பவளக்கொடி. பிள்ளை இல்லை, அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

ரிட்டயர் ஆன மறுமாதம், ஓடி ஓய்ந்த பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, தண்ணீர் டிரம் ஒன்று, துணி காய ஒரு கொடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெயிண்ட் வாளியில் அவள் வளர்த்த நந்தியாவட்டைச் செடி ஒன்று என்று ஏற்றிக்கொண்டு, ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம்; அது பதினோரு வருஷம் ஓடிற்று. கோதாவரி மணலில் சமைத்தோம், கட்ச் உப்புவெளியில் டயர் புதைந்து மூன்று நாள் கிடந்தோம், அசாமில் மழை விட்டபிறகு போகலாம் என்று காத்திருந்து மழையோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்தினோம், பனி பெய்கிற ஊரில் நந்தியாவட்டைக்கு என் பழைய காக்கிச் சட்டையைப் போர்த்தினோம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்தது ரோட்டை. டிரைவர் வேடிக்கை பார்க்கக் கூடாது. இடது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அந்தா நாரை, சுண்ணாம்பு தெளித்த மாதிரி என்பாள், அந்தா ஒரு கிழவர் ஒட்டகத்துக்குப் பல் தேய்க்கிறார் என்பாள், அந்தா மலைக்கு யாரோ முண்டாசு கட்டிவிட்டார்கள் என்பாள், நான் 'ம்' என்பேன். பதினோரு வருஷத்துக்கு என் பங்குப் பேச்சு அந்த 'ம்'தான்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒரு ஊரை விட்டுக் கிளம்பும்போது நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைப்பேன். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, 'ரைட்' என்று சொன்னால்தான் கிளட்சை விடுவேன். நிற்க வேண்டுமென்றால் ஒரே ஒரு தட்டு, 'ஹோல்டான்'. அவள் சொல்லாமல் ஒரு தடவைகூட நான் வண்டியை எடுத்ததில்லை, நிறுத்தினதும் இல்லை. ஓட்டுவது டிரைவர் வேலை. எடுப்பதும் நிறுத்துவதும் கண்டக்டர் பாடு. நின்றதும் நான் இறங்கி, டயருக்குக் கல் வைத்துவிட்டு, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கை நீட்டுவேன். கைய எடுங்க, எனக்கு இறங்கத் தெரியும் என்று குதித்து இறங்குவாள்.

பதினோராவது வருஷம், சிலிகா ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது, அவள் பேசாமல் வந்தாள். இரண்டு மைல் பேசாமல் வந்தாள். ஏன் என்று கேட்டேன். இடது பக்கம் எதுவுமே வரமாட்டேங்குது என்றாள்.

மதுரையில் கண் டாக்டர் ஒருவர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது, போனது போனதுதான், மிச்சமிருப்பது ஆறு மாதமோ அதற்குக் கீழேயோ என்றார். பவளக்கொடி அழவில்லை. வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்து, "ஒரு வீடு வேணும்" என்றாள். "கண்ணு இருக்கும்போதே காலுக்குச் சொல்லிக் குடுத்துரணும். அடுப்பு எங்க, கதவு எங்க, செடி எத்தன காலடியில. நகராத இடமாப் பாருங்க."

நகராத இடம். அதைத்தான் கேட்டாள். மறந்துவிடாதீர்கள்.

நான் பஸ் ஓட்டிய பழைய ரூட்டில், நெடுங்கண்மாய் என்கிற ஊரில், ஊருக்குத் தெற்கே, ஒரு துண்டு மேட்டு நிலம் கிடைத்தது. மேற்கே மலை, கிழக்கே அரை மைல் தள்ளி, மழைக்காலத்தில் மட்டும் கடல் மாதிரி நிற்கிற கண்மாய். இரண்டு அறை, ஒரு சமையலறை, கிழக்கே பார்த்த வாசல், மேற்கே பின்வாசல். ஆவணி இருபத்தாறாம் தேதி பால் காய்ச்சினோம். வேனைக் காயலான் கடைக்காரன் முதல் நாளே இழுத்துக்கொண்டு போயிருந்தான். அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. ஹோமப் புகை அடங்கி, சொந்தக்காரர்கள் பந்திக்குப் போனபோது, என் கையில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. புது இடம், விசேஷம், பழம்: கை பாட்டுக்குப் போய் வீட்டின் நான்கு மூலையிலும் நான்கைச் சுவருக்கடியில் அழுத்தி வைத்துவிட்டு வந்துவிட்டது. கிளம்பும்போது வைக்கிற பழத்தைக் குடிபுகும்போது வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் நந்தியாவட்டையை வாளியிலிருந்து எடுத்து, பின்வாசலுக்கு எதிரே மண்ணில் நட்டாள். கண்ணை மூடிக்கொண்டு படியிலிருந்து நடந்து பார்த்தாள். ஆறு காலடி. இனிமேல் இது வேர் விடட்டும், நாமளும் விடுவோம் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் செம்பில் தண்ணீரோடு போனவள் திரும்பி வந்து, பதினஞ்சு என்றாள். தப்பாக எண்ணியிருப்பாய் என்றேன். அதற்கு மறுநாள் இருபத்துநாலு. நான் போய் அளந்தேன். அவள் காலடிக்கு இருபத்துநாலு. செடி நட்ட இடத்தில் நின்றது. வீடு நிற்கவில்லை.

சத்தம் கிடையாது, குலுக்கல் கிடையாது. மணிக்கூட்டின் சின்ன முள்ளை உட்கார்ந்து பார்த்தால் நகர்வது தெரியுமா, அந்த மாதிரி. ஆனால் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதில் ஒரு நடுக்கம் இருந்தது, நியூட்ரலில் நிற்கிற பஸ்ஸில் இருக்குமே அந்த நடுக்கம். நாளுக்கு ஒன்பது காலடி, நேர் கிழக்கே. அரை மைலில் கண்மாய். ஐப்பசியில் மழை. கணக்குப் பாடம் எனக்கு வராது. இந்தக் கணக்கு மட்டும் வந்தது.

கருங்கல் வைத்தேன். வீடு கல்லைத் தள்ளிக்கொண்டு போனது. புளியமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். மரம் சாயப் பார்த்ததால் அவிழ்த்துவிட்டேன். ஹோமம் செய்த ஐயரைக் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கடைசியிலிருந்து முதலுக்குச் செய்துவிட்டு, என் அனுபவத்தில் மனுஷாள்தான் வீட்டை விட்டுப் போவா என்று சொல்லிக் கிளம்பினார். யாருக்கும் தெரியாமல் பழைய இடத்தைத் தோண்டி, நசுங்கிய எலுமிச்சந்தோல்களை எடுத்து எரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பழத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. நகராத இடம் கேட்டவளுக்கு நகர்கிற வீட்டைக் கொடுத்தவன் நான் என்று எந்த வாயால் சொல்வது?

ஊர் என்ன செய்தது என்று சொல்கிறேன். முதல் வாரம் பயந்தது. மாட்டை இந்தப் பக்கம் பத்தி வரவில்லை. இரண்டாவது வாரம் கோபப்பட்டது. கிழக்கே அடுத்த நிலம் கோட்டைச்சாமியுடைய கத்தரித் தோட்டம். அவர் வரப்பில் நின்று, கையில் மண்வெட்டியோடு, சுவர் தன் வேலியைத் தொடுவதை ஒரு முழு வெற்றிலை மென்று முடிக்கும்வரை பார்த்தார்.

"அண்ணே, வீட்டக் கட்டுனா கட்டுன எடத்துல வச்சிருக்கணும்" என்றார்.

"வச்சுத்தான் இருந்தேன்."

"பெறகு?"

"போகுது."

"எங்க போகுதாம்?"

எனக்குத் தெரிந்தால்தானே. அவர் துப்பிவிட்டு வேலியை அவரே பிரித்துவிட்டார். முள் சுவரைக் கீறிவிடக் கூடாதாம். வீடு கத்தரித் தோட்டத்துக்குள் ஏறியது. செடிகள் அதற்கு முன்னால் தலை சாய்ந்து, அது போனபிறகு பின்னால் எழுந்து நின்றன, சாமி ஊர்வலம் போனால் சனம் விழுந்து எழுகிற மாதிரி. எழுந்த செடிகளில் மூன்றாம் நாள் கணுவுக்குக் கணு பூ இருந்தது. அவ்வளவுதான், மூன்றாவது வாரம் ஊருக்கு வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. வடக்கே மிளகாய் போட்டவர், தெற்கே வெண்டை போட்டவர், எங்கள் பக்கமும் கொஞ்சம் வளைத்து விடுங்கள் டிரைவரே என்று வந்து நின்றார்கள். ஸ்டியரிங் இல்லை என்றேன். டீக்கடையில் என் காது படவே பேசினார்கள்: முப்பது வருஷம் நாம கை காட்டியும் நிக்காமப் போன ஆளு, இப்ப அவரு வீடே நிக்கல. எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கரண்டுக்கார தங்கப்பழம் வந்து தலையைச் சொறிந்தார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்த ஒயர் வீணைக் கம்பி மாதிரி இறுகியிருந்தது. மேலே எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் வீடு மாவட்டம் தாண்டிவிடும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, ஒரு மூங்கிலை நட்டு ஒயரை நீட்டி அதில் மாட்டினார். வீடு இருபத்தைந்து காலடி போனதும் இன்னொரு மூங்கில். பிறகு இன்னொன்று. பழைய இடத்திலிருந்து வீடு வரைக்கும் மூங்கில்கள் வரிசையாக நின்றன, ஊர்க் கொடிமரங்களின் பிள்ளைகள் மாதிரி. கிராம நிர்வாக அதிகாரி அம்மாள் ஒருநாள் வந்து சர்வே எண் பார்த்தார், மறுவாரம் வந்து வேறு சர்வே எண் பார்த்தார், மூன்றாவது வாரம் பெருமூச்சு விட்டு, இனி உங்கள் கதவு எண்ணை மட்டும் நான் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன் என்றார். தபால் கொண்டுவரும் ஜெயசீலி மட்டும் எதற்கும் அசரவில்லை. கடிதத்தின் மேல் 'கத்தரித் தோட்டத்தில்' என்று எழுதுவாள், அடித்துவிட்டு 'கத்தரித் தோட்டம் தாண்டி' என்று எழுதுவாள், பிறகு 'ஒற்றைப்பனை அருகில்' என்று எழுதுவாள். எழுதிக்கொண்டே, ஐயா வீட்டுக்கு மட்டும்தான் நான் வர வர தூரம் கொறையுது என்பாள். ஏனென்றால் அவள் கண்மாய்க் கரை வழியாக வருகிறவள்.

அவள் சிரித்துச் சொன்னது என் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

புரட்டாசி முடிவதற்குள் வீடு ஊருக்குக் காலண்டராகிவிட்டது. வீடு பனையைத் தாண்டட்டும், விதைக்கலாம் என்றார்கள். வீடு ஓடைக்கு வந்த அன்று பிறந்த கன்று என்றார்கள். மினிபஸ்ஸில் 'வீட்டு ஸ்டாப்' என்று கேட்டு இறங்கினார்கள், போன வாரம் இறங்கின இடத்தில் அல்ல. ஊர் எதையும் சரி பண்ணவில்லை, எதற்கும் காரணம் தேடவில்லை. தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, எங்களைச் சுற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. பயம் எனக்கு ஒருவனுக்குத்தான் மிச்சமிருந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் பவளக்கொடி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நந்தியாவட்டைக்குப் போனாள். நூற்றைம்பது காலடி ஆனது, இருநூறு ஆனது, முந்நூறு ஆனது. செடியைப் பெயர்த்து வந்து விடுகிறேன் என்றேன், வேர் விட்டுருச்சு, தொடாதீங்க என்றாள். நான் பத்துப் பதினைந்து அடி பின்னால், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் போவேன். முதலில் வரப்பைப் பார்த்து நடந்தாள். பிறகு வரப்பைக் காலால் தடவி நடந்தாள். பிறகு மூங்கில்களைத் தொட ஆரம்பித்தாள். ஒன்றைத் தொட்டு, நின்று, அடுத்ததைத் தொட்டு, நின்று. ஒருநாள் பூவைப் பறிக்கக் கை நீட்டினாள். கை பூவுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் காற்றைப் பறித்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐப்பசி பதினேழாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாளில் மலை காணாமல் போனது. வாய்க்கால் எல்லாம் கண்மாயைப் பார்த்து ஓடின, வீட்டைப் போலவே. நெடுங்கண்மாய்க்குக் கரை கிழக்கே. எங்கள் பக்கம் தண்ணீர் பரவி நிற்கிற உள்வாய், தடுப்பு ஒன்றும் கிடையாது, தரை பாட்டுக்குச் சரிந்து தண்ணீருக்குள் போகும். தண்ணீர் எங்களைப் பார்த்து வந்தது. நாங்கள் தண்ணீரைப் பார்த்துப் போனோம்.

ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே முதல் தடவையாகத் தண்ணீரின் விளிம்பு தெரிந்தபோது, எனக்குத் தாங்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சம்பழம் வச்சது நாந்தான்" என்றேன். "பால் காய்ச்சுன அன்னிக்கு. நாலு மூலையிலயும்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"மறுநா கோலம் போடறப்ப தோலைப் பாத்தேன். பழம் வச்சா வண்டி போயிருமா? ரைட் குடுத்தாத்தான போகும்."

வெங்காயத்தை முறத்தில் போட்டாள். அவள் முகம் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"எல்லாரும் பந்திக்குப் போயிருந்தாங்க. புதுச் சுவரு, தொட்டா குளுகுளுன்னு இருந்துச்சு. சும்மா ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். ரெண்டு தட்டுத் தட்டிட்டேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. டம்ளர் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹோல்டான் சொன்னால் நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றாள், அடுப்பில் பால் பொங்கும் என்று சொல்கிற மாதிரி.

"அப்பச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்து, பார்வை மிச்சமிருந்த நடு இடத்துக்கு முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, வெளியே எதையோ பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வண்டியில தெனம் ஒண்ணு பாத்தேன். வீடுன்னா ஒரே ஜன்னலு, எதுத்தாப்ல ஒரே வேலி. நான்தான் கேட்டேன், இல்லேங்கல. ஆனா மறுநா காலையில ஜன்னலத் தெறந்தா வேற செடி இருந்துச்சு. அதுக்கு மறுநா வேற. எனக்குன்னே கொண்டாந்து காட்டுற மாதிரி. மிச்சம் இருக்குறதும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேங்க. பார்வை தீந்ததும் நானே சொல்லிருறேன்."

"காலுக்குச் சொல்லிக் குடுக்கணும்னியே. நகர்ற வீட்ல எதச் சொல்லிக் குடுப்ப?"

"வீட்டுக்குள்ள எல்லாம் வச்ச எடத்துலதான இருக்கு. வெளிய உள்ளத நான் பாத்துக்கிறேன்."

நான் வெளியே போனேன். மழையில் நின்று, சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, ஹோல்டான் என்று கத்தினேன். இரண்டு தடவை கத்தினேன். வீடு என் கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. குடையோடு அந்தப் பக்கம் வந்த கோட்டைச்சாமி நின்று பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "டிரைவர் கத்துனா எந்த வண்டிண்ணே நின்னுருக்கு" என்றார். பிறகு குடையை என் தலைக்கு மேலே பிடித்தார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். அவள் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று ஒன்று. தண்ணீர் வாசலில் ஏறிவிடும். அவள் சொல்லிவிடுவாளோ என்று ஒன்று. சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் முதலில் கிழக்கு வாசலில் நின்று தண்ணீருக்கு எத்தனை காலடி என்று பார்ப்பேன், பிறகு உள்ளே வந்து அவள் வாயைப் பார்ப்பேன். அவள் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். தும்ம வாயைத் திறந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். வீடு நிற்க வேண்டும் என்று ஒரு பக்கம், ஐயோ இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு பக்கம், மலைப்பாதையில் ஒரே நேரத்தில் பிரேக்கிலும் ஆக்ஸிலேட்டரிலும் கால் வைத்தவன் மாதிரி ஒரு மாதம் ஓட்டினேன்.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கோட்டைச்சாமி வாயில் எதுவும் தங்காது. தன் வீட்டில் ஒரு அறை ஒழித்துத் தருகிறேன், மதினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பவளக்கொடி, ஓடுற வண்டியில இருந்து இறங்கச் சொல்றீங்களே தம்பி என்று சிரித்து அனுப்பிவிட்டாள். கார்த்திகை முதல் வாரம் கண்மாய் நிறையும் தருவாயில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நிறைந்த தண்ணீர் வழிந்து போகிற கலுங்கில், ஒவ்வொரு வருஷமும் மூன்று பலகை வைத்து இன்னும் மூன்று அடித் தண்ணீரை ஏற்றி நிறுத்துவார்கள். கடைசி வயல்களுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர். இந்த வருஷம் ஒரு பலகைதான் வைத்தார்கள். யார் கேட்டது, உங்கள் வயல் என்னாவது என்று போய்ச் சண்டை பிடித்தேன். தங்கப்பழம்தான் பதில் சொன்னார். அவருடையது கடைசி வயல். "எங்க வீட்டுக்காரி சொல்லிட்டா அண்ணாச்சி. அக்கா பாத்து முடிக்கட்டும்னு."

சண்டையை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஊர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். காட்டுவதற்கு எதையாவது கொண்டுவந்தார்கள். வாழைப்பூ மடல் ஒன்று, பிறந்து நான்கு நாளான ஆட்டுக்குட்டி, சுங்குடிச் சேலை, மயில் தோகை ஒன்று. ஜெயசீலி வெளிநாட்டுத் தபால் தலைகளைக் கொண்டுவந்து அவள் கண்ணுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பவளக்கொடி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. தொடுவதற்குத்தான் நிறைய நாள் இருக்கிறதே என்றாள். கலர் ஒவ்வொன்றாகப் போனது. பச்சை முதலில் போனது, பிறகு நீலம், பிறகு சிவப்பு எல்லாம் ஒரு அழுக்காகிவிட்டது. வெள்ளை நின்றது. நந்தியாவட்டைப் பூ மட்டும் யாரோ டார்ச் அடித்த மாதிரி தெரிகிறது என்றாள்.

கார்த்திகை பத்தொன்பதாம் தேதி. மழை வெறித்து நல்ல வெயில். வாசலுக்கும் தண்ணீருக்கும் பதினான்கு காலடி. அன்று ஒன்பது போனால் ஐந்து. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள், வெயில் அவள் முகம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது, கண்மாய் முழுக்க வெயில் உடைந்து கிடந்தது, கூரையில் அதன் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, விடிஞ்சிருச்சா?" என்றாள்.

கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

"விடிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் ஜன்னல் கட்டையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஹோல்டான்."

டம்ளரில் நடுக்கம் நின்றது. எண்பத்தைந்து நாளும் இருந்துகொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் நின்றது. அது இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. வெளியே தண்ணீர் பதினான்கு காலடிக்கு அந்தப் பக்கம், கூப்பிடாத விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

நான் இறங்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்ல கல்லாக நான்கு தேடி எடுத்து, நான்கு மூலைக்கும் வைத்து, காலால் மிதித்து இறுக்கினேன். சுற்றி வந்து பின்வாசல் கதவைத் திறந்தேன். அவள் செம்போடு அங்கே நின்றிருந்தாள், சமையலறையிலிருந்து எதிலும் இடித்துக்கொள்ளாமல் வந்து.

"கல்லு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

நான் கை நீட்டவில்லை. பதினோரு வருஷம் நீட்டி அலுத்த கை. அவள்தான் நீட்டினாள். பிடித்து இறக்கினேன்.

காலையிலேயே தண்ணீர் ஊற்ற வேண்டுமா, அவ்வளவு தூரம், நீ இரு, நான் ஊற்றிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. முதல் மூங்கிலை நோக்கி நடந்து, தடவாமல், தேடாமல், கொடியில் கிடக்கும் துண்டை எடுப்பது மாதிரி அதைத் தொட்டாள்.

"எழுநூத்தி எழுபத்தொண்ணு" என்றாள். "நாளுக்கு ஒம்பது ஒம்பதாப் படிச்சது. எங்க பள்ளம், எங்க மேடு, எல்லாம் காலுக்குத் தெரியும். நீங்க செருப்பைக் கையில வச்சுக்கிட்டுப் பின்னால வந்ததும் தெரியும். இன்னிக்குப் பக்கத்துல வாங்க. என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

"என்னத்தச் சொல்ல?"

"இடது பக்கத்துலருந்து ஆரம்பிங்க."

இடது பக்கம், தெற்கே, கண்மாய் உள்ளே வளைந்து வந்திருந்தது. பார்த்தேன். ரோடு இல்லை, பார்க்க வேண்டியதாயிற்று.

"தண்ணி" என்றேன்.

"பெறகு?"

"நாரை. இருபது முப்பது இருக்கும்."

"எப்படி இருக்கு?"

"சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி."

"அது நாஞ் சொன்னது" என்றாள். "நீங்க பாத்ததச் சொல்லுங்க."

நின்றேன். அவளும் நின்றாள், கை மூங்கிலில். நாரைகளைத் திரும்பப் பார்த்தேன். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வரிசையாக அவை நின்றன.

"காலேஜ் டயத்துல ஃபுட்போர்டுல தொத்துவானுகளே" என்றேன். "ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அந்தப் பயலுக மாதிரி. உள்ள ஏறுங்கடான்னா ஏறமாட்டானுக."

"ம்" என்றாள்.

அடுத்த மூங்கிலுக்கு நடந்தாள். எழுநூற்று எழுபத்தொரு காலடி. அத்தனைக்கும் நான் பேசிக்கொண்டு போனேன்.